இதர செலவு

மேட்டூரை மூடி இருபது நாள்.
அடப்பாற்றில் முழங்கால் குட்டைகள், குட்டைக்கொரு கொக்கு.
ஏழு கண் மதகை இடிக்க வந்த ஜேசிபி
கரையிலேயே நிற்கிறது, இரண்டு நாளாக.
டீசல் இருக்கிறது. ஆள் இருக்கிறார்கள்.
"அழாம இடிக்கக் கூடாதுங்க"
என்றது ஊர். அவ்வளவுதான்.

நான் உதவிப் பொறியாளர்.
கையில் வரைபடம், செருப்பில் உப்புப் பொரிந்த சேறு.
எப்போதோ ஒரு விடுப்பில் படித்தது
அந்த வெயிலில் ஏன் நினைவு வர வேண்டும்:
சுமேரில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே,
இதே வாய்க்கால், இதே மதகு,
இதே போல உப்பு ஏறி வெளுத்த வயல்.
அங்கே பழைய கோயிலைப் பிரிக்குமுன்
புலம்புகிற பூசாரியை அழைப்பார்களாம்.
செங்கல் பெயரும்போது முரசு அதிர வேண்டும்,
உள்ளே இருந்த சாமிக்கு நெஞ்சு ஆற வேண்டும்.
அழுகிறவன் ஆண்.
அழுவதோ பெண் தெய்வங்கள் பேசும் தனிப் பேச்சில்.
கூலி பீர், ரொட்டி, பார்லி.
களிமண்ணில் எழுதி வைத்திருக்கிறார்கள்.
மெட்டு போய்விட்டது, கணக்கு இருக்கிறது.

தலைஞாயிற்றிலிருந்து உத்திராபதி
டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார்.
பின்னால் இரண்டு தப்பு, ஒரு கட்டு வைக்கோல்.
"எத்தன கண்ணு மேடம்?"
ஏழு.
"கண்ணுக்கு முந்நூறு. தப்புக்காரவுங்களுக்குத் தனி."
வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள்.
எருமை விரட்டுகிற குரல் அவருக்கு.
துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டதும்
அது எங்கே போனது என்று தெரியவில்லை.

கடலுக்குத் தாப்பாளா நின்னவளே
கதவத் தொறந்து போட்டுட்டு எங்கடி போற
உப்பு வந்து கேட்டா நான்
ஊருல இல்லேன்னா சொல்லுவேன்

ஜார்க்கண்டிலிருந்து வந்த ஓட்டுநர் சுக்ராம்
யாரும் சொல்லாமலே இன்ஜினை அணைத்தான்.

ஐந்து வருடமாக நான் கோப்பில் எழுதுவது
'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது'.
கூட்டங்களில் குரலைத் தடிக்க வைத்துப் பேசுகிறேன்,
இல்லாவிட்டால் கேட்க மாட்டார்கள்.
இங்கே மீசை வைத்த ஒரு மனிதர்
'அடியே', 'என் ராசாத்தி' என்று
என்னிடம் இருக்க வேண்டியதை எல்லாம்
மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தார்.

முதல் கண், இரண்டாம் கண்.
மூன்றாம் கண்ணில் தொண்டை கட்டி, சோடா கேட்டார்.
நான்காம் கண்ணுக்கு வந்ததும்
முக்காட்டை எடுத்துவிட்டார்.
தப்பு நின்றது.
துருவேறிய பலகையில் உள்ளங்கையை வைத்து,
காய்ச்சல் பார்ப்பது போல, கொஞ்ச நேரம்.
"கஜாவுக்கு முந்தின வெள்ளத்துல
தம்பி இதுலதான் மாட்டுனான்."
கூலிக்கு அழும் கண் அது இல்லை போலும்.
ஐந்தாவதுக்கு நடந்தார்.

கடைசியில் ஆயிரத்து எண்ணூறுதான் வாங்கினார்.
ஏழுக்கும் சேர்த்து நீட்டினேன்,
முந்நூறைத் திருப்பி என் வரைபடத்தின் மேல் வைத்து
அதன் மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போனார்.

எம்-புக்கில் அழுகைக்குத் தலைப்பு கிடையாது.
அலகு என்ன போடுவது, கன மீட்டரா?
'இதர செலவு, எண்ணிக்கை ஆறு' என்று எழுதினேன்.

இப்போது தணிக்கைக் குறிப்பு வந்திருக்கிறது:
வரைபடத்தின்படி கண்கள் ஏழு.
பட்டியலின்படி ஆறு.
வேறுபாட்டுக்குக் காரணம் தெரிவிக்கவும்.
அவகாசம் ஏழு நாள்.

இன்று ஆறாவது நாள்.
லஸ்கர் போன் செய்தார்:
இடித்த இடத்தைத் தாண்டி மேலே வருகிறதாம்
ஏற்றத்து உப்புத் தண்ணீர்.
நாக்கில் வைத்துப் பார்த்தாராம்.